பஸ்ஸை ரத்து செய்தவர்

"எதிரின்னா இப்படி இருக்கணும் அக்கா" என்றான் பல்லி, படியேறிக்கொண்டே. "ஹோட்டல் போச்சு, பஸ் போச்சு, மேட்ச் போச்சு. மூணுக்கும் முன்கூட்டியே ஃபோன் பண்ணி, சிரமத்துக்கு மன்னிக்கணும்னு சொல்லி, நன்றி சொல்லி ரத்து பண்ணியிருக்கான். என் சொந்தக்காரங்ககூட என்கிட்ட இவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டதில்லை."

ராடாரின் பார்வை படியில் இருந்தது. கடைசிக்கு முந்தைய படியின் ஓரம் உடைந்திருந்தது. அதன் மேல் "கவனம்" என்று சிவப்பு மையில் எழுதிய அட்டை. அதற்கு முந்தைய படியிலும் ஓர் அட்டை: "அடுத்த படி உடைந்தது."

"பாருங்க, அட்டைக்கே ஒரு அட்டை" என்றான் பல்லி. "நம்மளைக் கூப்பிட்ட இந்த டூர் அம்மாவை ஏமாத்தணும்னா ஒருத்தன் ரொம்பப் படிச்சிருக்கணும்."

ராடார் இருபது வருடம் டெலிபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். ஒருவர் பொய் சொல்லப் போகிறார் என்பது அவர் வாய் திறப்பதற்கு முன் விடும் மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு அந்தப் பெயரை வைத்தவன் பல்லி. அவன் அதற்கு முன் டாக்ஸி ஓட்டியவன். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஒட்டுக் கேட்பதில் மன்னன். அவன் பெயரை வைத்தவள் ராடார். பட்டப்பெயரில் இருவரும் ஒருவருக்கொருவர் பாக்கி வைக்கவில்லை.

விளையாட்டுச் சாமான் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழேயிருந்து புது ரப்பர் வாசனை ஏறி வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. சுவர் முழுவதும் பட்டியல்கள். யார் எந்த அறையில், யாருக்கு எத்தனாம் நம்பர் பூட்ஸ், யாருக்கு எந்த மாத்திரை ஆகாது, யார் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

பட்டியல்களுக்கு நடுவே டூர் அம்மா நின்றிருந்தாள். ஐம்பத்தொன்பது வயது. கொண்டையில் ஒரு பேனா, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, தோளில் குறுக்காக மாட்டிய பை. இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடக் கால்பந்து அணிகளை வெளிநாட்டுக்கு அழைத்துப் போய் அழைத்து வருகிறாள். பெற்றோர்கள் அவள் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, விமானம் கிளம்பும் முன்பே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு நம்பிக்கை.

"இந்த வாட்டி பெண்கள் டீம். பதினஞ்சு வயசுக்குக் கீழே. பதினெட்டுப் பேர், ரெண்டு டீச்சர். பத்து நாள், மூணு ஊர், நாலு மேட்ச். வர்ற வியாழக்கிழமை ஃப்ளைட்" என்றாள். "இன்னைக்கு வெள்ளி. என் பேரைச் சொல்லி யாரோ ஒவ்வொண்ணா ரத்து பண்ணிட்டே வர்றாங்க. முதல்ல ரெண்டாவது ஊர் ஹோட்டல். அப்புறம் பஸ். நேத்து மேட்ச். உறுதிப்படுத்தலாம்னு கூப்பிட்டா, 'நீங்கதானே வேண்டாம்னீங்க'ங்கிறாங்க."

"நீங்க பண்ணலை" என்றாள் ராடார்.

டூர் அம்மா இரண்டு மூச்சு எடுத்தாள். "நான் பண்ணலை."

இரண்டு மூச்சு. ராடார் அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

"புக்கிங் நம்பர்லாம் எங்கே வெச்சிருக்கீங்க? கம்ப்யூட்டர்லயா?"

"கம்ப்யூட்டர் பள்ளிக்கூடத்துக்குக் காட்டறதுக்கு. நிஜமானது இதுல இருக்கு." பையிலிருந்து தடித்த நோட்டு ஒன்று வந்தது. "நோட்டு பையில. பை என் தோள்ல. ரெண்டையும் பிரிக்கணும்னா என்னைத்தான் வெட்டணும்."

ராடார் நோட்டைப் பார்த்து பஸ் கம்பெனியின் நம்பரையும் புக்கிங் நம்பரையும் எழுதிக்கொண்டாள். சரிபார்க்க வாசித்துக் காட்டியபோது டூர் அம்மா சிரித்தாள். "நாப்பத்தொண்ணு இல்ல, நாப்பத்தேழு. என் ஏழு ஒண்ணு மாதிரியே இருக்கும். ஸ்கூல்ல இதுக்கே தனியா திட்டு வாங்கியிருக்கேன்."

பல்லி சுவரில் இருந்த ஒரே புகைப்படத்தின் முன் நின்றிருந்தான். கறுப்புச் சட்டை, கழுத்தில் விசில், கல்லில் செதுக்கியது போன்ற முகம். "இது யாரும்மா, போலீஸா?"

"என் வீட்டுக்காரர். நடுவரா இருந்தார். எங்க கல்யாண ஃபோட்டோலயும் இதே மூஞ்சிதான்."

"பை எப்பவாவது தோளை விட்டு இறங்குமா?" என்றாள் ராடார்.

"காலைல ஒரு மணி நேரம் நடக்கப் போவேன். அப்ப வீட்ல மாட்டிட்டுப் போவேன். வீட்ல அவர் மட்டும்தான் இருப்பார். மொபைல்ல மெசேஜ் வந்தா திறக்கத் தெரியாம என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ற மனுஷன். அவரை விடுங்க. இந்தத் தொழில்ல எனக்குப் போட்டின்னா சூட்கேஸ் ஒருத்தர்தான். அவரைப் போய்ப் பாருங்க."

"சாயங்காலம் வந்து சொல்றோம்."

"யாருன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம்" என்றாள் டூர் அம்மா. குரல் சட்டென்று இறங்கியிருந்தது. "யாரா இருந்தாலும் சரி. எனக்குப் பேர் தெரிஞ்சா போதும்."

*

பல்லியின் காரில், ஜன்னலை ஏற்றிவிட்டு, ராடார் பஸ் கம்பெனியை அழைத்தாள். அங்கே அப்போதுதான் காலை. எடுத்தவர் வயதானவர், எதையோ மென்றுகொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேச்சு ஓடியது. பல்லி காதைக் கொண்டுவந்து ஃபோனின் முதுகில் ஒட்டினான்.

"நினைவிருக்கிறது" என்றார் அவர். "செவ்வாய்க்கிழமை. அந்த அம்மாவின் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். ஆண் குரல். வயதானவர். மிகவும் மரியாதையானவர்."

"புக்கிங் நம்பர் சரியாகச் சொன்னாரா?"

"முதலில் தவறாகச் சொன்னார். கடைசி இரண்டு எண்கள் நாற்பத்தொன்று என்றார். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை என்றேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, மன்னிக்கவும், அது ஏழு என்றார்."

பல்லி 'ச்ச்' என்று உச்சுக் கொட்டினான்.

"வேறு ஏதாவது?"

"அதுதான் வேடிக்கை. ரத்து செய்துவிட்டு, அந்த பஸ்ஸை மட்டும் அடுத்த செவ்வாய்வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். அதே பிள்ளைகள் வேறொருவர் பெயரில் வரலாமாம். முப்பது வருடமாக இந்த மேஜையில் இருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பத்திரமாக வைத்திருங்கள் என்று கேட்ட முதல் ஆள் இவர்தான்." மெல்வது நின்றது. "அந்த அம்மாவிடம் சொல்லுங்கள், எல்லா இருக்கையிலும் பெல்ட் இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் நான்கு தடவை கேட்டார். இவ்வளவு அக்கறையுள்ள ஒருவரை நான் பார்த்ததில்லை."

ராடார் ஃபோனை வைத்தாள்.

"நோட்டைப் பார்த்து வாசிச்சிருக்கான்" என்றான் பல்லி. "நீங்க வாசிச்ச அதே தப்பு. அப்ப வீட்டுக்கே போயிடலாமா?"

"நோட்டைப் பார்த்தவர் யாருன்னு எனக்கும் தோணுது. ஆனா பஸ்ஸை ஏன் பத்திரப்படுத்தணும்? கெடுக்க நினைக்கிற ஆள் செய்யற வேலையா இது?" சீட் பெல்ட்டை மாட்டினாள். "'வேறொருவர் பெயர்ல'ன்னா அந்த வேறொருத்தர் யாரு? சூட்கேஸ்கிட்ட போ."

*

சூட்கேஸின் அலுவலகத்தில் எல்லாமே கண்ணாடி. கதவு எது, சுவர் எது என்று பல்லி நெற்றியால் தடவிக் கண்டுபிடித்தான். சூட்கேஸ் பருமனான, சிரித்த முகம் கொண்ட மனிதர். இளமையில் முன்வரிசை ஆட்டக்காரர் என்று மேஜை மீதிருந்த நான்கு கோப்பைகள் சொல்லின.

"என்னைச் சந்தேகப்படறது நியாயம்தான் மேடம்" என்றார். "ஆனா ஒரு தொழில்காரனா சொல்றேன். அந்த டூரை நான் கவுக்கணும்னா முதல்ல விமான டிக்கெட்ல கை வெப்பேன். அப்புறம் விசா. ரெண்டும் போனா திரும்பக் கிடைக்காது. இந்த ஆள் அதைத் தொடவே இல்லை. ஒரு ஃபோன் பண்ணினா மறுபடி கிடைக்கிற சாமானை மட்டும்தான் உடைச்சிருக்கான். இது கவுக்கறது இல்லை. தள்ளிவிடறது."

"யாரை?"

சூட்கேஸ் சட்டென்று ஒரு காகிதத்தை எடுத்து நேராக வைத்தார். ஏற்கெனவே நேராக இருந்த காகிதம் அது.

"என்ன ரத்தாச்சுன்னு நான் சொல்லலையே சார்" என்றாள் ராடார் மெதுவாக. "டூர்ல பிரச்சினைன்னு மட்டும்தான் சொன்னேன். டிக்கெட்டைத் தொடலை, விசாவைத் தொடலைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

சூட்கேஸ் பெருமூச்சு விட்டார். "ரெண்டு வாரம் முன்னாடி ஒருத்தர் வந்தார். கடைசி நேரத்துல பதினெட்டுப் பிள்ளைங்க உங்க கைக்கு வந்தா, அதே தேதியில கூட்டிட்டுப் போவீங்களான்னு கேட்டார். டிக்கெட்டையும் விசாவையும் தொட மாட்டேன்னார். முடியும்னேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டார். நான் வாக்குக் குடுத்துட்டேன். பேரைக் கேக்காதீங்க."

"போட்டிக் கம்பெனியைக் கவுக்க வந்தவருக்கு வாக்கா?"

"அந்த மனுஷனுக்கு நான் கடன்பட்டவன் மேடம். மாவட்ட இறுதி ஆட்டம். எண்பத்தெட்டாவது நிமிஷம் நான் அடிச்ச கோலை இல்லைன்னு சொன்னார். முப்பது வருஷம் அவரைத் திட்டாத நாளில்லை. போன வருஷம் யாரோ பழைய படத்தைத் தேடி எடுத்து அனுப்பினாங்க. ரெண்டடி ஆஃப்சைடு. நின்னு நிதானமா ஆஃப்சைடு, அவர் சொன்னதுதான் சரி. அப்படிப்பட்டவர் வந்து என் முன்னாடி கையைக் கூப்பி நின்னா நான் என்ன செய்ய?"

வெளியே வந்ததும் பல்லி தலையைத் தடவிக்கொண்டான். "பேரைச் சொல்ல மாட்டேன்னு சொல்லியே முழு ஜாதகத்தையும் குடுத்துட்டார். வாக்கைக் காப்பாத்தறதுக்கு இவரைவிட ஆளில்லை." பிறகு, கார்க் கதவைத் திறக்கும்போது, "சொந்தப் பொண்டாட்டி தொழிலை ஒருத்தன் ஏன் அக்கா பிடுங்கிப் போட்டிக்காரன்கிட்ட குடுக்கணும்?" என்றான்.

அது கேலியாக வரவில்லை. ராடாருக்கும் அதே கேள்விதான்.

*

பள்ளி மைதானத்தில் பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பதினெட்டுப் பெண்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் புகைப்படத்து மனிதர். சட்டை அதேதான். முழங்கால்கள் மட்டும் பழசாகியிருந்தன. எல்லோரும் அவரை விசில் சார் என்றே அழைத்தார்கள்.

ராடார் கோட்டுக்கு வெளியே நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றார். நான்கு நிமிடம் விளையாட்டை முழுமையாக நடத்தி, ஒரு தவறான த்ரோவைத் திருப்பிப் போடச் சொல்லி, இடைவேளைக்கு ஊதிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"யாரு அனுப்பினது? பள்ளிக்கூடமா?"

"உங்க மனைவி சார்."

அவர் விசிலைக் கையில் எடுத்து அதன் வாயை விரலால் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"நான்தான் பண்ணினேன்" என்றார். "சுத்தி வளைச்சுக் கேக்க வேண்டாம்."

"ஏன் சார்?"

பெண்கள் தண்ணீர் பாட்டிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் பெண் ஒருத்தியின் தலையில் பாட்டிலைக் கவிழ்த்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போன வருஷம் பசங்க டீம். பதினாறு பேர். நானும் போயிருந்தேன், பந்துப் பையைத் தூக்கிட்டு. ஒரு ஸ்டேஷன்ல ரயில் மாறணும். டீச்சருங்க முன் பெட்டியில ஏறிட்டாங்க. இவ கதவுகிட்ட நின்னு எண்ணினா. பதினாறு. சரி. ரயில் கிளம்பிடுச்சு. நான் பிஸ்கட் பாக்கெட் குடுத்துட்டே வந்தேன். கடைசியில ஒரு பாக்கெட் என் கையில மிச்சம் இருந்துச்சு."

பல்லி சுவரில்லாத இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் புல்லில் உட்கார்ந்தான்.

"தன்னையும் சேர்த்து எண்ணியிருக்கா" என்றார் விசில் சார். "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பிப் போனேன். பதினோராம் நம்பர் பையன். பிளாட்பாரத்துல பை மேல உட்கார்ந்திருந்தான். அழலை. பக்கத்துல அந்த ஊர் ஸ்டேஷன்காரம்மா ஒருத்தங்க நின்னாங்க. அவங்க பேசற பாஷை இவனுக்குப் புரியலை. நாப்பது நிமிஷம். அவன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரும்போது சொன்னேன், 'பந்துப் பையை விட்டுட்டேன், எடுக்க நீயும் என்கூட இறங்கி வந்தேன்னு சொல்லு'ன்னு. அப்படியே சொன்னான். இன்னைக்குவரைக்கும் அவளுக்குத் தெரியாது. ஒரு சின்னப் பையனைப் பொய் சொல்ல வெச்சேன். இருபத்தெட்டு வருஷம் மைதானத்துல நின்ன ஆள் நான்."

"மறதி அதுக்கு முன்னாடியே இருந்ததா?"

"இருந்திருக்கும். வயசுன்னு நினைச்சேன். அப்புறம்தான் கவனிச்சேன். ஒரே கேள்வியை ஒரே ஆள்கிட்ட நாலு தடவை கேக்கறா. வீட்டுக்கு வர்ற வழியில தப்பான தெருவுல திரும்பிட்டு அரை மணி நேரம் கார்லயே உட்கார்ந்திருக்கா. எதையும் விடக் கூடாதுன்னு எல்லாத்துக்கும் அட்டை எழுதி ஒட்டறா. ஊர்ல எல்லாரும், 'ஆகா, என்ன ஒழுங்கு'ங்கிறாங்க."

ராடாருக்குப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. பல்லி தலை நிமிரவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"ரெண்டு தடவை சொன்னேன். எனக்கென்ன பைத்தியமான்னு கேட்டுட்டு ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் காபி கொண்டுவந்து குடுத்து, 'ஏன் உம்முன்னு இருக்கீங்க'ன்னு கேக்கறா. நான் சொன்னதே ஞாபகம் இல்லை. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சுச் சொல்ல எனக்குத் தெம்பு வரலைம்மா. பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கலாம். சொன்னா அன்னைக்கே ஊர் பூரா தெரிஞ்சிடும். இருபத்தாறு வருஷம் ஒரே நாள்ல போயிடும். சொல்லாம விட்டா வியாழக்கிழமை இதுங்க ஏறிடும்." மைதானத்தைக் காட்டினார். "கூட வர்ற டீச்சருங்க ரெண்டு பேரும் விமானத்துல ஏறினதே இல்லை. முழுக்க இவளைத்தான் நம்பி வர்றாங்க. அதான் ஒவ்வொண்ணா உருவினேன். டூர் தானா கலைஞ்சிடும், கெட்ட நேரம்னு நினைச்சுக்குவா, பிள்ளைங்களை சூட்கேஸ் கூட்டிட்டுப் போயிடுவார்னு. ஆனா அவ விடலை. நான் ஒண்ணு உருவினா அவ ரெண்டு கட்டறா. அப்படி ஒரு உழைப்பாளி."

இடைவேளை முடிந்து பெண்கள் அவரைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"அவகிட்ட என்னம்மா சொல்லப் போறீங்க?"

"அவங்கதான் சார் என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க" என்றாள் ராடார். "கேட்டா சொல்லித்தான் ஆகணும்."

"ஆமா" என்றார் அவர். "அது விதி."

*

திரும்பும் வழியில் விசில் சார் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தைப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். நான்காவது சிக்னலில் பல்லி மெல்ல, "ஹோட்டல் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிட்டா என்ன?" என்றான்.

"சொல்லலாம். அப்புறம் வியாழக்கிழமை?" என்றாள் ராடார்.

பல்லி கியரை மாற்றினான். ராடாருக்கும் வழி ஒன்றும் தெரியவில்லை. அவள் பார்த்த வழக்குகளில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டால் ஏதோ ஒன்று நின்றுவிடும். இங்கே எதுவும் நிற்கப் போவதில்லை.

மாடி ஏறியதும் விசில் சார் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். "நீங்க முதல்ல போங்க" என்றார். "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்."

உள்ளே டூர் அம்மா மேஜையில் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மதியம்தான் தூதரகத்திலிருந்து வந்து சேர்ந்தனவாம். எல்லோருக்கும் விசா கிடைத்திருந்தது. ராடாரைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அம்மா."

"சொல்லிடுங்க."

"பஸ் கம்பெனிக்குப் பேசினது ஒரு ஆண். ஹோட்டலுக்கும் மேட்ச் ஏற்பாடு பண்ணினவங்களுக்கும் பேசினதும் அவரேதான்."

டூர் அம்மா அவளையே பார்த்தாள். "ஆம்பளையா?"

"ஆமா."

"நிச்சயமா? குரலைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஆண்தான்."

டூர் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அப்ப நான் இல்லை" என்றாள். "நான் இல்லை மேடம்."

ராடார் அந்த இரண்டு மூச்சை இப்போதுதான் புரிந்துகொண்டாள்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நானே ரத்து பண்ணிட்டு மறந்துட்டேனோன்னு நினைச்சேன். கொஞ்ச நாளா எனக்கு அப்படி ஒரு பயம். ராத்திரி தூக்கம் கிடையாது. யார்கிட்ட கேக்கறது? அவர்கிட்ட கேட்டா துடிச்சுப் போயிடுவார். அதான் வெளியாள் ஒருத்தர் வந்து பார்த்துச் சொல்லட்டும்னு உங்களைக் கூப்பிட்டேன். வர்ற பேர் என் பேரா இருந்தா, வியாழக்கிழமைக்கு முன்னாடி எல்லாத்தையும் நிறுத்திடணும்னு இருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப நிம்மதி. எவனா இருந்தா என்ன, வயித்தெரிச்சல்ல பண்ணியிருப்பான். எதிரிதானே, சமாளிச்சுக்கலாம். இருங்க, அவருக்கு ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். பாவம், அவரும் கொஞ்ச நாளா சரியில்லை."

ஃபோனை எடுத்து எண்களை அழுத்தினாள். கதவுக்கு வெளியே மணி அடித்தது.

பல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. டூர் அம்மா ஃபோனைக் காதிலிருந்து எடுத்துக் கதவைப் பார்த்தாள். அதைத் திறந்துகொண்டு விசில் சார் உள்ளே வந்தார். பாக்கெட்டில் மணி அடிப்பதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் தடவினார். ராடார்தான் வாங்கி நிறுத்தினாள்.

"நீங்க எங்கே இங்க?" என்றாள் டூர் அம்மா. அவர் முகத்தைப் பார்த்தாள். ராடாரைப் பார்த்தாள். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முழுதாக வடியாத முகம், அது என்ன ஆகவேண்டும் என்று தெரியாமல் அப்படியே நின்றது.

"நான்தான்" என்றார் அவர்.

"என்ன நீங்கதான்?"

"ஹோட்டல். பஸ். எல்லாம். பஸ்ஸை மட்டும் செவ்வாய்வரைக்கும் சூட்கேஸுக்காக வெச்சிருக்கச் சொல்லியிருக்கேன்."

அவள் கோபப்படுவாள் என்று ராடார் எதிர்பார்த்தாள். கோபம் வந்திருந்தால் எல்லோருக்குமே சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன்?" என்றாள் டூர் அம்மா. மிகச் சின்னக் குரல்.

மைதானத்தில் அந்நியர்களிடம் தடங்கலில்லாமல் சொன்ன மனிதர், இங்கே ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பதினோராம் நம்பர் பையன்" என்றார் கடைசியில். "அன்னைக்கு நான் பந்துப் பைக்காகத் திரும்பிப் போகலை."

அவள் எதையோ தேடுவது போல் சுவரில் இருந்த பட்டியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

"நான் எண்ணினேனே. பதினாறு வந்துச்சே."

"உன்னையும் சேர்த்து."

"அழுதானா?"

"இல்லை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்ல முடியலை" என்றார் விசில் சார். "இப்பவும் முடியலை."

ராடார் இருபது வருடம் மற்றவர்கள் வீட்டுச் சங்கடங்களைக் காதில் வாங்கியவள். எல்லாவற்றிற்கும் ஏதாவது ஒரு பதில் சொல்லி வைத்திருக்கிறாள். இங்கே மனைவிக்குக் கணவரால் உதவ முடியவில்லை, கணவருக்கு மனைவியால் முடியவில்லை, இருவருக்கும் ராடாராலும் முடியவில்லை. மூன்று பேரும் அந்த அறையில் நின்றதெல்லாம் ஒரே இடத்தில்தான்.

டூர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தோள் பையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நோட்டை எடுத்து அதன் மேல் வைத்தாள். பிறகு நாற்காலியைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டு, சூட்கேஸுக்கு ஃபோன் செய்தாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"நான்தான் பேசறேன். பெண்கள் டீம் இனி உங்களுது. பஸ்காரர் செவ்வாய்வரைக்கும் வெச்சிருப்பாராம், எங்க வீட்டுக்காரர் ஏற்பாடு. ஹோட்டலை நான் நேத்தே மறுபடி போட்டுட்டேன், உங்க பேருக்கு மாத்திக்குங்க. கோல்கீப்பர் பொண்ணு தூக்கத்துல நடப்பா, மேல் மாடி அறை குடுக்காதீங்க. ஆறாம் நம்பருக்கு வேர்க்கடலை ஆகாது. ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டு பேரையும் ஒரே அறையில போடாதீங்க, சண்டை போட்டுத் தூங்க மாட்டாங்க. பள்ளிக்கூடத்துல நானே சொல்லிக்கறேன்." கேட்டுக்கொண்டாள். "இல்லை. நான் வரலை."

ஃபோனை வைத்துவிட்டு பாஸ்போர்ட் அடுக்கைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வலப்பக்கம் வைத்தாள். உதடுகள் அசைந்தன. அறையில் வேறு சத்தமில்லை. முடித்ததும் முழு அடுக்கையும் ராடாரிடம் தள்ளினாள்.

"நீங்க ஒரு தடவை எண்ணுங்க."

ராடார் எண்ணினாள். சரியாக எண்ணினாள், அவசரப்படாமல், ஒவ்வொன்றின் படத்தையும் திறந்து பார்த்து.

"பதினெட்டு" என்றாள்.

டூர் அம்மா கணவரைப் பார்த்தாள்.

"எனக்கும் பதினெட்டுதாங்க வந்துச்சு" என்றாள்.